நஞ்சும் சிறுமீனும்

மணலுக்குள் மறைந்திருக்கும் கூம்பு நத்தை, அருகே வரும் மீனை ஈட்டிபோன்ற பல்லால் குத்துகிறது. நொடிகளில் மீன் முடங்கிவிடுகிறது. மீனை வீழ்த்துவதற்கென்றே உருவான நஞ்சு அது. அந்த நஞ்சிலிருந்து மனிதனுக்கு மருந்து தேடியவர்களின் கதையில் மீன் மீண்டும் வருவது நம்மை வியக்க வைக்கிறது.

பிலிப்பைன்ஸில் பிறந்த பால்டொமெரோ ஒலிவேரா, மணிலாவில் தொடங்கிய ஆய்வை அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் தொடர்ந்தார். நஞ்சிலுள்ள பெப்டைடுகளைத் தனித்தனியே பிரித்துச் சுண்டெலியின் மூளைக்குள் நேரே செலுத்திப் பார்க்கலாம் என்று யோசனை சொன்னவர் கிரெய்க் கிளார்க் என்ற மாணவர். அதன் பிறகுதான் கதவு திறந்தது எனலாம். மீனை முடக்கும் ஒருவகைப் பெப்டைடு, சுண்டெலியின் உடலில் செலுத்தியபோது அதை முடக்கவில்லை; மூளையில் செலுத்தியபோதோ அது நடுங்கியது. அவ்வகையைச் சேர்ந்த, 25 அமினோ அமிலங்கள் கொண்ட ஒன்றே சிகோனோடைடு என்ற வலிநிவாரணியாகி, 2004 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. தண்டுவடத்தைச் சூழ்ந்த நீரில்தான் அதைச் செலுத்த வேண்டும்.

இன்று இத்தகைய பெப்டைடுகளின் நச்சுத்தன்மையை அறிய வரிக்குதிரை மீனின் கருவை நாடுகிறார்கள். கங்கைச் சமவெளியின் இந்தச் சிறுமீனை 1822இல் நூலில் பதிவுசெய்தவர் பிரான்சிஸ் ஹாமில்டன். சென்னையிலிருந்து புறப்பட்டுக் கொங்குநாட்டிலும் பயணம் செய்து எழுதிய புக்கானன்தான் அவர். அதை ஆய்வகத்தின் நாயகனாக்கியது ஓரிகான் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் 1981இல் வெளியிட்ட ஆய்வு. கரு கண்ணாடிபோல் தெளிவானது. ஒரே நாளில் இதயம் துடிப்பதை உருப்பெருக்கியில் காணலாம். துடிப்பு தளர்கிறதா, முதுகு வளைகிறதா, இதயத்தைச் சுற்றி நீர் கோக்கிறதா என்று பார்க்கிறார்கள். கருவைக் கொண்டு 96 மணிநேரம் செய்யும் நச்சுச் சோதனை 2013இல் பன்னாட்டு நெறிமுறையாகவும் ஏற்கப்பட்டது.

ஆனால் நீரில் கரைத்த பெப்டைடு கருவைச் சூழ்ந்த உறையைத் தாண்டாமலே நின்றுவிடலாம். அப்போது கிடைக்கும் ‘தீங்கில்லை’ என்ற முடிவுக்குப் பொருளே இல்லை; ஊசியால் உள்ளே செலுத்தியாக வேண்டும். செலுத்திய பிறகும், கூம்பு நத்தையின் பெப்டைடு மீனை முடக்கினால் அதை வைத்து மனிதனைப் பற்றி என்ன சொல்வது? மீன் அதன் இயல்பான இரையல்லவா! சிகோனோடைடின் மருந்துக் குறிப்பில் கட்டமிட்டு அச்சிடப்பட்ட எச்சரிக்கையோ, கடுமையான மனநலக் கோளாறுகளைப் பற்றியது. குழப்பமும், இல்லாததைக் காண்பதும் நோயாளிகள் வாய்விட்டுச் சொன்னதால் தெரியவந்தவை.