நோரிஸ் சாலையில் விவேகானந்தர் தமிழ்ப் பள்ளி

சிகாகோ சர்வ சமயப் பேரவையில் கலந்துகொள்ள 1893ஆம் ஆண்டு மே மாத இறுதியில் பம்பாயில் கப்பலேறிய சுவாமி விவேகானந்தர், கொழும்பு, பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் வந்தடைந்தார். அவ்வாண்டு ஜூலை 10ஆம் நாள் யோகோஹாமாவிலிருந்து சென்னை அன்பர்களுக்கு வரைந்த கடிதத்தில், இவ்வூர்த் தாவரவியல் பூங்காவையும் அங்குள்ள பனை வகைகளையும் பாராட்டிக் குறித்துள்ளார். அக்கடிதத்தில் முதலாவதாக விளிக்கப்பட்டவர் அளசிங்கப் பெருமாள். சுவாமிகளின் பயணத்திற்காகச் சென்னையில் வீடு வீடாகச் சென்று பொருள் திரட்டிய அவர், தொழிலால் ஒரு பள்ளி ஆசிரியர்.

சுவாமிகள் வந்து சென்ற 35 ஆண்டுகளுக்குப் பின்னர், 1928இல், இராமகிருஷ்ண மிஷனின் கிளை சிங்கப்பூரில் தோன்றிற்று. துறவியர் வழிபாட்டோடு நின்றுவிடவில்லை. சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் நோரிஸ் சாலையில், 1930களில், ஆண் பிள்ளைகளுக்கென விவேகானந்தர் பெயரில் ஒரு தமிழ்ப் பள்ளியும், பெண் பிள்ளைகளுக்கென அன்னை சாரதாமணி பெயரில் மற்றொரு பள்ளியும் நடத்தப்பெற்றன.

இப்பணியின் அருமையை உணர, அக்காலத்து நிலைமையை அறிதல் வேண்டும். மலாய் மொழிக் கல்வியைக் காலனி அரசு தன் பொறுப்பாக ஏற்றது. ஆங்கிலப் பள்ளிகளையும் ஆதரித்தது. சீனத்தையும் தமிழையும் பெரும்பாலும் அந்தந்தச் சமூகத்தாரிடமே விட்டுவிட்டது. மலாய்க் கூட்டரசு மாநிலங்களின் தோட்டங்களிலாவது, 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பள்ளி அமைக்கும் கடமையை முதலாளிமார்மீது சுமத்தியது. சிங்கப்பூரோ துறைமுக நகரம். இங்கே கப்பல் துறையிலும் நகராட்சியிலும் உழைத்தோரின் பிள்ளைகளுக்கு அத்தகைய சட்டத்தின் துணையும் இல்லை. தேக்கா வட்டாரத்துத் தமிழ்ச் சிறுவன் ஒருவன் தாய்மொழியில் எழுத்தறிவு பெற வேண்டுமாயின், யாரேனும் ஒருவர் மனமுவந்து பள்ளி நடத்தினால்தான் உண்டு.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. அவ்விருண்ட ஆண்டுகளிலும் மிஷனின் வழிபாட்டுக் கூடம் அடைக்கப்படவில்லை. 1943இல் இந்நகருக்கு வந்த நேதாஜி சுபாஷ் சந்திர போஸ், இரவு நெடுநேரம் கழித்து அங்கு வருவார். பட்டு வேட்டி உடுத்துக் கையில் ஜபமாலையுடன் தனித்திருந்து தியானம் செய்வார். இதனை அவருடன் பணியாற்றிய எஸ். ஏ. ஐயர் பதிவு செய்துள்ளார். பகலெல்லாம் படை நடத்தியவர் இரவில் நாடிய இடம் அது.

போருக்குப் பின்னர் மிஷனின் பணி பார்ட்லி சாலைக்கு விரிந்தது. 1950களின் தொடக்கத்தில் அங்குக் கோயில் எழுந்தது. சிறுவர் இல்லமும் அமைந்தது. தமிழ்ப் பள்ளிகளுக்கோ வேறொரு சோதனை காத்திருந்தது. தொடக்கப் பள்ளியில் தமிழில் பயின்று முடித்த சிறுவன் அடுத்து எங்குச் செல்வான்? கடையநல்லூர் முஸ்லிம் பெருமக்கள் 1946இல் நிறுவிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி, 1960இல் உயர்நிலைப் பள்ளியாக உயர்ந்த பின்னரே அவ்வழி திறந்தது. அதுவும் நகர் முழுமைக்கும் ஒரே பள்ளி. அதற்கு அப்பால் அலுவலகமும் கல்லூரியும் ஆங்கிலத்தையே கேட்டன. பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளியில் சேர்த்த பெற்றோருக்கு மொழிப்பற்று இல்லை என்று பழிப்போர் உண்டு. அது நியாயமன்று. மேற்படி ஏறுவதற்குப் படி இல்லாத ஏணியில் எந்தத் தகப்பன்தான் தன் மகனை நிறுத்துவான்?

மாணவர் தொகை குறையக் குறைய, தமிழ்ப் பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. விவேகானந்தர் பள்ளியும் அவற்றுள் ஒன்றாயிற்று. இறுதியாக எஞ்சி நின்ற உமறுப் புலவர் பள்ளியும் 1982இல் மூடப்பட்டது. அதன் பெயரை மட்டும் தமிழ்மொழி நிலையம் ஒன்று தாங்கி நிற்கிறது. பீட்டி சாலையில் உள்ள அந்நிலையத்திற்கு, தங்கள் பள்ளிகளில் தமிழ் வகுப்பு இல்லாத மாணவர் வந்து பயில்கின்றனர். நோரிஸ் சாலையிலிருந்து அங்கு நடந்தே சென்றுவிடலாம்.

பார்ட்லி சாலைச் சிறுவர் இல்லம் இன்றும் இயங்கி வருகிறது. நோரிஸ் சாலையின் பழைய மிஷன் கட்டடமும் நிற்கிறது. வீரமாகாளியம்மன் சந்நிதியில் தரிசனம் முடித்துச் சிராங்கூன் சாலையைக் கடக்கும் அடியார்கள், சற்றே உள்ளே திரும்பினால் அதனைக் காணலாம்.