புளியறை முதல் புன்னைக்காயல் வரை: ஆற்றுவழி யாத்திரையும் அடைக்கலப் பொருளும்

பழங்கோயில்களும் பண்டையோர் ஈமக்காடுகளும் ஓர் ஆற்றின் இருகரையிலும் நிரல்பட அமைந்திருப்பின், அவ்வாற்றினையே வழியாகக் கொண்டு அவற்றைக் கண்டு வருதல் மக்கட்குத் தொன்றுதொட்டு உள்ள விருப்பமாம். மேனாட்டார் இதன்பொருட்டுப் பெரிதும் நாடிச் செல்வது எகிப்து நாட்டு நீலாறு. ஆங்கிலேயராகிய தாமசு குக் என்பார் 1869-ஆம் ஆண்டில் முதன்முறையாக ஒரு குழுவினரை அவ்வாற்றின்வழி அழைத்துச் சென்றார்.  தேபை என்னும் பழைய தலைநகரின் எதிரே அவ்வாறு வடக்கு நோக்கி ஓடுகின்றது. கிழக்குக் கரையிலே கர்னாக்கு, இலக்சோர் முதலிய பெருங்கோயில்களும், கதிரவன் மறையும் மேற்குக் கரையிலே அரசர்தம் கல்லறைகளும் உள்ளன. வடகாற்று பாயை உந்தத் தெற்கே ஏறிச் சென்று, நீரோட்டத்தோடு வடக்கே மீளுதல் அங்குப் பண்டைய படகு முறை.

அத்தகைய வழியொன்று தமிழகத்தின் தென்கோடியிலும் உளது. தென்காசிக்கு மேற்கே, மலைத்தொடரின் அடியிலே அமைந்த புளியறையில் தொடங்கி, சிற்றாற்றின் போக்கிலே கிழக்கே சென்று, சீவலப்பேரியிற் பொருநையைக் கூடி, ஆதிச்சநல்லூர்த் தாழிக்காட்டினையும் கொற்கையினையும் கண்டு, புன்னைக்காயலிற் கடலையடைவது அவ்வழி. இவ்வழியிலே கப்பல் செல்லாது. பாறைகளும், கோடைமேலழகியான் முதல் திருவைகுண்டம் ஈறாகப் பொருநையின் குறுக்கே நின்று வயல்கட்கு நீர் பகிரும் எட்டு அணைக்கட்டுகளும் அதற்கு இடங்கொடா. ஆகலின் இங்கு ஆற்றுவழி யாத்திரை என்பது கரைவழி யாத்திரையே.

கப்பல் செல்லாத இவ்வாற்றிலே மலர் சென்றதென்பது தலவரலாறு. அகத்திய முனிவரின் மாணாக்கராகிய உரோமச முனிவர், சிவவழிபாட்டிற்குரிய இடங்களை அறிய விழைந்து, ஆசிரியர் ஆணைப்படி ஒன்பது மலர்களைப் பொருநையில் மிதக்கவிட்டனர். அவை கரையடைந்த இடந்தோறும் சிவலிங்கம் நிறுவப்பெற்றது. பாபநாசம், சேரன்மாதேவி, கோடகநல்லூர், குன்னத்தூர், முறப்பநாடு, திருவைகுண்டம், தென்திருப்பேரை, இராசபதி, சேர்ந்தபூமங்கலம் என்னும் ஒன்பதும் நவகயிலாயம் எனப்படும். இறுதி மலர் சேர்ந்தமையாற் சேர்ந்தபூமங்கலம் எனப் பெயராயிற்று என்ப. இவ்வரலாற்றினை ஆண்டுக்கணக்கால் அளத்தல் பொருந்தாது. யாத்திரையின் ஒழுங்கினை ஆறே வகுத்துத் தரும் என்னும் கருத்து இதன்கண் அமைந்திருத்தலே கொள்ளற்பாலது.

இனிப் புளியறையின் சிறப்பினை நோக்குவாம். ஆரியங்காவுக் கணவாயின் கிழக்கு வாயிலாகிய இவ்வூர், செங்கோட்டைப் பகுதியோடு திருவிதாங்கூரின்பாற் பட்டிருந்து, 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளிற் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. கொல்லத்திற்கும் திருநெல்வேலிக்கும் இடையே 1904-இல் முற்றுப்பெற்ற இருப்புப்பாதையும் இக்கணவாய் வழியே செல்கின்றது. இவ்வூர்ச் சதாசிவமூர்த்தி திருக்கோயிலில் தென்முகக் கடவுள் வழிபாடு மிக்க சிறப்புடையது. தில்லைக் கூத்தப்பெருமானுக்கு இடையூறு நேர்ந்த காலத்து, அடியார் சிலர் அத்திருவுருவத்தினை இங்குக் கொணர்ந்து ஒரு புளியமரப் பொந்தினுள் மறைத்து வைத்தனர் என்றும், புளியின்கண் அமைந்த அறையே ஊர்ப்பெயராயிற்று என்றும் ஊரார் வழங்குவர்.

தில்லைத் திருவுருவம் கி. பி. 1648 முதல் 1686 வரை தன் பதியை நீங்கியிருந்தமைக்குச் செப்பேட்டுச் சான்று உண்டு. அது குறிக்கும் இடங்கள் குடுமியான்மலையும் மதுரையும் ஆம். ஆகலின் ஊர்வழக்கினையும் செப்பேட்டினையும் ஒன்றெனக் கலத்தல் வரலாற்று முறையன்று. ஆயினும் இரண்டும் ஒரு செய்தியைத் தெரிவிக்கின்றன: ஓரூர்த் திருப்பொருளை மற்றோரூரார் அடைக்கலமாக ஏற்றுக் காத்தலும், காலம் வந்தபோது மீள அளித்தலும் தமிழர் அறமெனக் கொள்ளப்பட்டன. இவ்வாற்றுவழியிலே காணப்படும் கோயிலும் தாழியும் அத்தகைய அடைக்கலப் பொருள்களே என்பது மேற்செல்லச் செல்லப் புலனாகும்.

புளியறையினின்று இலஞ்சிக் குமரனைத் தொழுது குற்றாலம் அடைந்தால், திருஞானசம்பந்தர் பாடல்பெற்ற குற்றாலநாதர் கோயிலும், அவர் தனிப்பதிகத்தாற் சிறப்பித்த குறும்பலாவும் காணலாம். ஐந்து அம்பலங்களுள் ஒன்றாகிய சித்திரசபை இங்குளது. ஏனைய அம்பலங்களிற் கூத்தன் செம்பினும் பிறவற்றினும் திருமேனி கொள்ள, இங்குச் சுவரிலெழுதிய ஓவியமாகவே வழிபாடு ஏற்கின்றான். கல்லினும் செம்பினும் ஓவியம் மெல்லியது. ஈரமும் புகையும், தொட்டுப் பார்க்கும் கையும் அதற்குப் பகை. காண வருவோரின் அடக்கமே அதற்குக் காவலாதல் வெளிப்படை.

குற்றாலத்திற்கு அணித்தாகிய தென்காசியிலே இக்கருத்து அரசன் வாக்காகவே கல்லில் நிற்கின்றது. அரிகேசரி பராக்கிரம பாண்டியன் கி. பி. 1446-இல் இங்கு விசுவநாதர் கோயிலை எடுக்கத் தொடங்கினான். வடகாசிக் கோயில் சிதைவுற்றமையின் தெற்கே தனக்கோர் ஆலயம் அமைக்குமாறு இறைவன் கனவிற் பணித்தான் என்பது கோயில் வரலாறு. 1457-இற் கோபுரப்பணி தொடங்கப்பெற்றது. அக்காலத்துப் பாண்டியர் மதுரையை இழந்து, தென்பாண்டி நாட்டளவில் ஒடுங்கியிருந்தனர். தன் குலத்தின் ஆட்சி நெடிது நில்லாதென்பதை அவன் உணர்ந்திருத்தல் கூடும். கோயிலுக்கு ஊறு செய்வாரைச் சபித்து எழுதுதல் கல்வெட்டுக்களிற் பெருவழக்கு. பராக்கிரமனோ, இத்திருப்பணியைப் பிற்காலத்துக் காப்பவர் எவராயினும் அவர் திருவடிகளைத் தான் வணங்குவதாகப் பாட்டாற் பொறித்து வைத்தனன். முடியுடை வேந்தன், பிறவாத ஒருவன் அடியிற் றன் முடியைத் தாழ்த்துகின்றான். அடைக்கலம் கொடுக்கும் முறை இதனின் மேம்பட்டது யாதுளது?

அவ்வடைக்கலம் எளிதிற் காக்கப்படவில்லை. ஒன்பது நிலைக் கோபுரம் பின்னாளிற் சிதைந்து பிளவுண்டு, மொட்டைக் கோபுரமாகப் பன்னெடுங்காலம் நின்றது. பிறகு புதுக்கி எழுப்பப்பெற்று, 1990-இற் குடமுழுக்குக் கண்டது. அதன் உயரம் ஏறத்தாழ 180 அடி. அரசன் வணங்கிய அடிகள் யாருடையவை என்பதற்கு விடை, பெயர் பொறியாத பலர் என்பதே.

தென்காசியினின்று கிழக்கே, அரிகரநதி, அனுமன்நதி, கருப்பாநதி முதலிய கிளைகளை ஏற்றுப் பெருகும் சிற்றாறு, ஏறத்தாழ 80 கிலோமீட்டர் ஓடிச் சீவலப்பேரியிற் பொருநையோடு கலக்கின்றது. நவகயிலாயத்துள் முதல் நான்கும் இக்கூடலுக்கு மேற்பால் உள்ளன. ஏனைய ஐந்தும் கீழ்ப்பால் உள்ளன. ஆகலின் புளியறையினின்று புறப்படுவோர், திருநெல்வேலியில் தங்கித் தாமிரசபையினைத் தொழுது, மேற்றலங்கள் நான்கினையும் ஒரு நாளிற் கண்டு மீண்டு, பின்னர்க் கூடலிலிருந்து கீழே செல்லுதல் முறையாம். கூடலைக் கடந்து ஆறு தென்முகமாகத் திரும்பும் முறப்பநாட்டினைத் தட்சிண கங்கை என்று போற்றுவர்.

முறப்பநாட்டிற்குக் கீழே, ஆற்றின் தென்கரையில், உழவுக்கு உதவாத பரல்மேட்டிலே ஆதிச்சநல்லூர்த் தாழிக்காடு 114 ஏக்கர்ப் பரப்பினதாகக் கிடக்கின்றது. நீலாற்றங்கரையில் மேற்குத்திசை இறந்தோர்க்கு உரியதாயிற்று. தமிழர் இறந்த முன்னோரைத் தென்புலத்தார் என்றனர். ஆயினும் திருவைகுண்டத்திற்கு வடக்கேயுள்ள சிவகளையிலும் தாழிக்காடு இருத்தலின், கரை குறித்து விதியொன்று வகுத்தல் இயலாது. உழுநிலத்தை விடுத்து மேட்டுநிலத்தை இறந்தோர்க்கு ஒதுக்கிய சிக்கனமே ஆதிச்சநல்லூரிற் றெளிவாகத் தெரிவது.

தாழியிற் கவித்தல் பண்டைத் தமிழர் ஈமமுறைகளுள் ஒன்று. மணிமேகலை கூறும் ஐவகை முறைகளுள் அஃது எண்ணப்பட்டது. தாழி வனையும் குயவனை விளித்துக் கையறுநிலை கூறும் பாடல்கள் புறநானூற்றில் உள. ஆதிச்சநல்லூரில் இறந்தோர் எலும்புகளோடு இரும்புக் கருவிகளும், விலங்கும் பறவையும் அமைந்த மூடியையுடைய வெண்கலக் கலங்களும், பொன்னாலாகிய நெற்றிப்பட்டங்களும், நெல்லுமியும் கிடைத்தன. உண்பதற்குரியதனையும் தொழிலுக்குரியதனையும் உடன் வைத்தோர், இறந்தவர் எங்கோ செல்கின்றார் என்று எண்ணினர் போலும். அவர்கள் தம் அன்புடையாரை மண்ணினிடத்து அடைக்கலம் வைத்தனர்.

1876-இற் செருமானியராகிய யாகோர் என்பார் இங்கு அகழ்ந்து, கிடைத்தவற்றைப் பெர்லின் நகருக்குக் கொண்டு சென்றார். அலெக்சாண்டர் இரீ என்பார் 1899 முதற் சில ஆண்டுகள் முறையாக அகழ்ந்து கண்ட பொருள்கள் சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. ஒரு நூற்றாண்டு கழிந்த பின்னர், 2004, 2005-ஆம் ஆண்டுகளில் இந்தியத் தொல்லியல் துறையினர் மீண்டும் அகழ்ந்தனர். நூற்றுக்கு மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. அதன் அறிக்கையோ நெடுங்காலம் வெளிவராதிருந்தது. சிவகளைத் தாழியொன்றிற் கிடைத்த நெல்லுமி கி. மு. 1155-ஐச் சார்ந்ததென 2021-இல் அறிவிக்கப்பட்டது. 2023 ஆகஸ்டில், தாழிகளை அவை கிடந்த குழியிலேயே வைத்து மேலே கண்ணாடித் தளமிட்டுக் காட்டும் காட்சியகம் ஆதிச்சநல்லூரில் திறக்கப்பெற்றது.

இவற்றை நிரலே நோக்குங்கால் ஒரு வளர்ச்சி புலனாகும். முதலில் வந்தவர் பொருளை எடுத்துச் சென்றார். அடுத்து வந்தவர் பதிவு செய்து அயலூரில் வைத்தார். இப்போது பொருள் கிடந்த இடத்திலேயே காணப்படுகின்றது. தாழி தன் மண்ணை விட்டு நீங்கின் வெறுங்கலமாம்; மண்ணோடு இருப்பின் வரலாறாம். நீலாற்றிலும் இவ்வுணர்ச்சி வருவதற்குக் காலம் சென்றது. அசுவான் பேரணையால் மூழ்கவிருந்த அபுசிம்பல் கோயில் 1964 முதல் 1968 வரை பாறையோடு அறுக்கப்பட்டு மேட்டில் அமைக்கப்பட்டது. பீலைத் தீவின் கோயிலும் அடுத்த தீவுக்கு மாற்றப்பட்டது. பல நாட்டார் கூடி அப்பணிக்குப் பொருள் உதவினர்.

ஆதிச்சநல்லூரைக் கடந்தால் திருவைகுண்டத்துக் கயிலாயநாதர் கோயிலும், ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வார் எழுந்தருளியிருந்ததாகப் போற்றப்படும் புளியமரமும் உள. ஒரு புளியில் தொடங்கிய வழி மற்றொரு புளியின் நிழலைத் தொட்டுச் செல்கின்றது. சைவமும் வைணவமும் ஒரே நீரை உண்கின்றன. கொற்கை பாண்டியர்தம் முத்துத்துறை. யவனர் அதனைக் கொல்கை என எழுதினர். இன்று அஃது உள்நாட்டு ஊர். ஆறு கொணர்ந்த மண் கடலைத் தள்ளிவிட்டது. சேர்ந்தபூமங்கலத்தைத் தொழுது புன்னைக்காயலை அடைந்தால் ஆறு முடிகின்றது.

யாத்திரைக்குரிய காலமும் கூறற்பாலது. குற்றாலச் சாரல் ஆனி, ஆடி மாதங்களுக்குரியது. ஐப்பசியும் கார்த்திகையும் கீழைப்பொருநைக்கு வெள்ளக்காலம். இருபகுதியும் ஒருங்கே காண விழைவார்க்குத் தை, மாசி மாதங்களே தக்கன. அக்காலத்து ஆற்றில் நீரும் இருக்கும். மேட்டில் ஈரமும் வற்றியிருக்கும். மார்கழித் தொடக்கமும் அச்சமற்றதன்று என்பதனை 2023 டிசம்பர் 17, 18 நாட்கள் உணர்த்தின. காயல்பட்டினத்தில் ஒரு நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. திருச்செந்தூரினின்று சென்னைக்குப் புறப்பட்ட தொடர்வண்டி திருவைகுண்டத்தில் ஏறத்தாழ 800 பயணிகளோடு வெள்ளத்திடையே நின்றது. தாமும் வெள்ளத்தில் அல்லலுற்ற அயற்சிற்றூர் மக்கள் அவர்கட்கு உணவு சமைத்தளித்தனர். வழிப்போக்கரையும் அடைக்கலமாகக் கொள்ளும் பண்பு அக்கரையில் இன்றும் அறாதிருத்தற்கு இதுவே சான்று.

வழிகாட்டி யார் எனின், மூவரைக் கூறலாம்: தலபுராணம் அறிந்த முதியோர், கல்வெட்டுப் பயின்றோர், அகழாய்வு அறிந்தோர். புராணத்தினிடத்து ஆண்டினைக் கேட்டலும், அகழாய்வினிடத்து வழிபாட்டினைக் கேட்டலும் பிழையாம். முதலாமவர் ஒரு தலம் ஏன் போற்றப்படுகின்றது என்பதனையும், இரண்டாமவர் அதனை யார் போற்றினர் என்பதனையும், மூன்றாமவர் அவர்க்கும் முன்னே அங்கு வாழ்ந்தோர் யாவர் என்பதனையும் உரைப்பர். ஒருவரை விடுத்து ஒருவரைக் கேட்பின் ஆறு பாதியே தெரியும்.

காண்பார் ஒருநாளிற் கண்டு நீங்குவர். கண்டவை அவர்க்கு முன்னும் பின்னும் நிற்பன. சித்திரசபைச் சுவரில் வண்ணம் உதிராமையும், தாழிமேட்டில் ஓர் ஓடும் எடுக்கப்படாமையும், பொருநைநீர் குப்பையால் மாசுறாமையும் அங்குச் செல்வோர் கையில் உள்ளன. பராக்கிரம பாண்டியன் வணங்கிய அடிகள், அவ்வழியே நடக்கும் அடிகளும் ஆதல் கூடும் என்று நினைந்து நடப்பதே ஆற்றுவழி யாத்திரையின் முதல் ஆயத்தம் என்க.