ஹங்கேரி வயலினும் மயிலாப்பூர் வயலினும்

விடுதி நாட்கள் என்றதும் எனக்கு ஒரு நள்ளிரவு வாக்குவாதம்தான் ஞாபகம் வரும். ராவெல் எழுதிய 'ட்ஸிகான்' என்ற வயலின்-பியானோ இசையைக் கணினியில் போட்டிருந்தோம். மயிலாப்பூர் சபாக்களில் வளர்ந்த என் அறை நண்பன் துள்ளி எழுந்தான். "டேய், இது நம்ம சிம்மேந்திரமத்யமம்டா! இங்கேருந்து சுட்டுட்டாங்க!" நானும் அதையே பல வருஷம் சொல்லித் திரிந்தேன். அது தப்பு என்று இந்த மலரில் ஒப்புக்கொள்கிறேன்.

மாரிஸ் ராவெல் பிரெஞ்சுக்காரர். 1922-ல் லண்டனில் ஓர் இரவு, யெல்லி டி அரான்யி என்ற ஹங்கேரிய வயலின் கலைஞரை ஜிப்சி மெட்டுகள் வாசிக்கச் சொல்லி, விடிய விடியக் கேட்டார். அவருக்காகவே எழுதிய இந்த இசை 1924 ஏப்ரல் 26-ல் லண்டனில் அரங்கேறியது. முதலில் வயலின் மட்டும், ஆலாபனை மாதிரி நெடுநேரம் தனியாகப் பேசும். பிறகுதான் பியானோ சேரும். வேகம் ஏறிக்கொண்டே போகும்.

ஹங்கேரிய மைனர் ஸ்கேலின் சாயல் இதில் உண்டு. அதன் ஏழு ஸ்வரங்களும் சிம்மேந்திரமத்யமத்தின் ஸ்வரங்களேதான். ஜிப்சிகள் எனப்படும் ரோமா மக்களின் முன்னோர் சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முன் வட இந்தியாவிலிருந்து போனவர்கள் என்பதும் உண்மை. அப்போ திருட்டுதானே?

இல்லை. 17-ஆம் நூற்றாண்டில் வேங்கடமகி போட்டது ஒரு கணக்கு. மத்யமம் 2, ரிஷப-காந்தாரச் சேர்க்கை 6, தைவத-நிஷாதச் சேர்க்கை 6. பெருக்கினால் 72 மேளம். இந்த அட்டவணையில் உலகத்தின் பல ஸ்கேல்களுக்கும் ஒரு கட்டம் இருக்கும். ஹங்கேரிக்குக் கிடைத்தது 57. அதே ஸ்வரங்கள் என்பதால் அதே ராகம் ஆகிவிடாது. கமகமும் பிடிகளும் சேர்ந்தால்தான் ராகம்.

நிஜமாகக் கடல் தாண்டி வந்தது வயலின்தான். முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் (1786–1859) சென்னைக்குப் பக்கத்து மணலியில் ஓர் ஐரோப்பியரிடம் அதைக் கற்றார். பிறகு நாம் அதைத் தரையில் உட்கார்ந்து, கணுக்காலில் ஊன்றி, ஸ-ப-ஸ-ப என்று சுருதி சேர்த்து நமதாக்கிக்கொண்டோம். இன்று வயலின் இல்லாத மார்கழிக் கச்சேரி அபூர்வம். அதற்காக நம்மைத் திருடர் என்றா சொல்கிறார்கள்?

அந்த நண்பனும் இந்தச் சந்திப்புக்கு வருகிறான். மிச்ச வாக்குவாதம் சாப்பாட்டுப் பந்தியில்.