நாற்பத்து நான்குக்குப் பதினெட்டு

எங்கள் வீட்டுத் திண்ணையோரம் சாய்ந்திருக்கும் அப்பாவின் ஹெர்குலிஸில், பெடலோடு சுற்றும் செயின் வீலில் 44 பல். பின்சக்கரத்து ஃப்ரீவீலில் 18. பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் வண்டிதான். ஆனால் பல்லை உட்கார்ந்து எண்ணியது போன மாதம். யாரோ ஓட்டிக் கழித்த சைக்ளோகிராஸ் ஃப்ரேம் ஒன்றை மலிவாக வாங்கியிருந்தேன். வெறும் ஃப்ரேம். கிராங்க், செயின், கியர் எல்லாம் நான்தான் தேர்ந்தெடுத்து மாட்ட வேண்டும். சென்னையில் கடைக்காரர் கேட்ட முதல் கேள்வியே, "முன்னாடி எத்தனை பல்லு வேணும்?" அப்பாவிடம் எந்தக் கடைக்காரரும் இதைக் கேட்டதில்லை.

44ஐ 18ஆல் வகுத்தால் ஏறக்குறைய 2.44. அப்பாவின் வண்டிக்கு 28 அங்குலச் சக்கரம். பெடல் ஒரு முழுச்சுற்று சுற்றினால் வண்டி சுமார் 5.4 மீட்டர் நகரும். அரக்கோணம் சாலைக்கு அது நல்ல கணக்கு. திருத்தணி மலைக்கு அல்ல. மேலே இருந்த கடைகளுக்கு அப்பா தேங்காய் மூட்டை ஏற்றிப்போவார். படிக்கட்டில் 365 படி. வண்டிகளுக்குத் தனிச் சாலை. அந்தச் சாலையில் மேடு தொடங்கிக் கொஞ்ச தூரம் எழுந்து நின்று மிதிப்பார், அப்புறம் இறங்கிவிடுவார். ஒரு கை ஹேண்டில்பாரில், ஒரு கை மூட்டைமேல். பின்னாலிருந்து நானும் தள்ளியிருக்கிறேன். "மேடு வந்தா இறங்கித்தான் ஆவணும், அதுல இன்னா இருக்குது?" என்பார். சைக்கிள் என்றாலே அப்படித்தான் என்று நானும் நம்பினேன்.

அந்த 44, 18 எங்கிருந்து வந்தது? நேரடிப் பதில் பக்கத்திலேயே இருக்கிறது. முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கின. தொழிற்சாலை அம்பத்தூரில், மெட்ராஸ்-திருவள்ளூர் நெடுஞ்சாலையில். அதே சாலையில் மேற்கே போய்க்கொண்டிருந்தால் எங்கள் ஊர். பர்மிங்காமின் ஹெர்குலிஸ் கம்பெனியை இங்கிலாந்து டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் 1946இலேயே வாங்கியிருந்ததால் அந்தப் பெயரும் அம்பத்தூர் வந்தது. 1951இல் சோனிபட்டில் அட்லஸ், 1956இல் லூதியானாவில் ஹீரோ. 1960இல் அமெரிக்காவின் டைமண்ட் செயின் கம்பெனியோடு சேர்ந்து அம்பத்தூரிலேயே செயின் செய்யவும் தொடங்கினார்கள். எல்லைத் தகராறு தீர்ந்து திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்ததும் அதே 1960தான், ஏப்ரல் 1.

பெயர்கள் பலவானாலும் வண்டி ஒன்றுதான். ஆங்கிலேயரின் ரோட்ஸ்டர். கனமான இரும்பு, நேரான ஹேண்டில்பார், கம்பி பிரேக், ஒரே கியர். அந்த இங்கிலாந்திலேயே ஸ்டர்மி-ஆர்ச்சர் கம்பெனியின் மூன்று கியர் ஹப் 1902 முதல் விற்பனையில் இருந்தது. இங்கே ஊர்ப்புறத்துக்கு வந்து சேர்ந்தது ஒற்றைக் கியர் வண்டிதான். அதில் நியாயம் இல்லாமலில்லை. விலை குறைவு. கெட்டுப்போக ஒன்றுமில்லை. ஸ்பானரும் சுத்தியும் இருந்தால் புளியமரத்தடியில் உட்கார்ந்தே முழு வண்டியையும் பிரித்து மாட்டலாம். மூட்டை மூட்டையாக ஏற்றினாலும் தாங்கும். தமிழக அரசு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த இலவச சைக்கிளும் ஒற்றைக் கியர்தான்; எனக்கும் பதினொன்றாம் வகுப்பில் ஒன்று கிடைத்தது. ஆனால் சமதளத்துக்கான அந்தக் கணக்கின் மிச்சத்தை மலையடிவாரத்துக்காரர்கள் காலால் நடந்து கட்டினார்கள். அதை யாரும் விலைப்பட்டியலில் சேர்க்கவில்லை.

இறங்கித் தள்ளுவது ஏழை நாட்டுச் சமாச்சாரம் என்று நினைத்திருந்தேன். இல்லை. பிரான்ஸில் அதை ஒரு கொள்கையாகவே காப்பாற்றினார்கள். 1902இல் டூரிங் கிளப் த பிரான்ஸ் மலைப்பாதையில் ஒரு சோதனை வைத்தது. மூன்று கியர் சைக்கிளில் வந்த மார்த் எஸ் என்ற பெண், ஒற்றைக் கியரில் வந்த ஃபிஷர் என்ற பந்தய வீரரை முந்தினார். விஷயம் அத்தோடு தீர்ந்திருக்க வேண்டும். ஆனால் மறுவருடம் டூர் த பிரான்ஸைத் தொடங்கவிருந்த ஆன்ரி தெக்ராஞ்சுக்கு அது பிடிக்கவில்லை. கியர் மாற்றுவதெல்லாம் வயதானவர்களுக்கு, இளைஞன் தசையால் ஜெயிக்க வேண்டும் என்கிற மாதிரி எழுதினார். அவர் பிடியில் இருந்தவரை டூரின் பெரிய வீரர்களுக்கு டெரெய்லர், அதாவது ஓடும்போதே செயினைப் பல் மாற்றிப்போடும் கருவி, கிடைக்கவில்லை. மேடு வந்தால் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டினார்கள். மறுபக்கம் வேறு பல் இருக்கும். அனுமதி வந்தது 1937இல். எனக்கு இதில் ஆத்திரம்தான் வருகிறது. தேங்காய் மூட்டைக்காரருக்குக் கிடைக்காதது ஒன்று. கையில் இருந்தும் வீரத்தின் பெயரால் தடுத்தது இன்னொன்று.

1910இல் டூர் முதல்முறையாக டூர்மாலே கணவாயில் ஏறியது. அந்த வருடம் வென்ற ஆக்டாவ் லாபீஸ் கரடுமுரடான மலைப்பாதையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கும் புகைப்படம் புகழ்பெற்றது. அதைப் பார்த்தபோது எனக்கு அப்பாதான் தெரிந்தார், மூட்டை மட்டும் இல்லை. லாபீஸ் தன் வெற்றிக்குக் காரணமாகச் சொன்னது சைக்ளோகிராஸ் பயிற்சியை.

சைக்ளோகிராஸ் என்பது குளிர்காலத்தில் சேற்றிலும் புல்லிலும் மணலிலும் ஓட்டும் பந்தயம். ஓட்ட முடியாத இடத்தில் இறங்கி, சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓட வேண்டும். சில பந்தயங்களில் படிக்கட்டே உண்டு. பிரான்ஸில் முதல் தேசியப் போட்டி நடந்ததும் 1902இல்தான். உலகப் போட்டி 1950இல். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி தூக்கிப் படியேறுகிற ஊர்க்காரனுக்கு இந்த விளையாட்டைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. (365 படியில் சைக்கிளோடு ஏறிக் காட்டேன் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். சந்நிதிக்குப் போகிற படி, மாட்டேன்.)

இந்த விளையாட்டில் வெகுகாலம் முன்னால் இரண்டு செயின் வீல்தான் வழக்கம். இரண்டுக்கும் இடையே செயினைத் தள்ளுகிற முன் டெரெய்லரில் சேறு அப்பிக்கொள்ளும், செயின் கழன்றுவிடும். 2014இல் ஸ்ராம் கம்பெனி ஒற்றைச் செயின் வீல் ஏற்பாட்டை சைக்ளோகிராஸுக்கென்றே வெளியிட்டது. செயினின் கண்ணிகள் ஒன்று அகலம், ஒன்று குறுகல் என்று மாறி மாறி வருமில்லையா, பல்லையும் அதே மாதிரி தடித்தும் மெலிந்தும் வெட்டினார்கள். பின் டெரெய்லரில் ஒரு கிளட்ச் வைத்துச் செயினை இழுத்துப் பிடித்தார்கள். முன்னால் ஒன்றே ஒன்று என்ற இடத்துக்குச் சுற்றிவந்து சேர்ந்தார்கள். பின்னால் மட்டும் பல்சக்கர அடுக்கு.

நானும் முன்னால் ஒன்றுதான் போட்டேன், 40 பல். பின்னால் 11 முதல் 42 வரை, 9 அடுக்கு. "11 அடுக்கு எடுங்க சார், அதான் இப்போ ஓடுது" என்றார் கடைக்காரர். அடுக்கு கூடக் கூடச் செயின் மெலியும், விலை ஏறும். எங்கள் பக்கத்துக் கரும்பு வயல் பாதையில் மணலும் மழைக்காலச் சேறும் செயினை அறுத்துத் தின்னும். திருத்தணிக் கடையில் தொங்குவது அப்பா வண்டிக்கான அகலச் செயின். கண்ணிக்குக் கண்ணி தூரம் இரண்டிலும் அரை அங்குலமேதான், 12.7 மில்லிமீட்டர். ஆனால் அந்த அகலத்தில் என் வண்டியில் ஓடாது. அதனால் அறுந்தால் மலிவாக மாற்றக்கூடியதாகப் பார்த்து எடுத்தேன்.

சின்னக் கியரில் ஒரு சுற்று மிதித்தால் வண்டி இரண்டே மீட்டர்தான் நகரும். போன ஞாயிறு மலைச்சாலையில் உட்கார்ந்தபடியே ஏறினேன். மூச்சு வாங்கியது, வேகம் நடைவேகம்தான், ஆனால் இறங்கவில்லை. அப்பா பழக்கமாக இறங்குகிற இடம் தாண்டியது எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா குனிந்து பின்பக்க அடுக்கை விரலால் தொட்டு எண்ணினார். பெரிய பல்சக்கரத்தில் முப்பதைத் தாண்டியதும் கணக்குத் தவறி மறுபடி தொடங்கினார்.

"நாப்பத்திரண்டாடா?"

"ஆமாம்ப்பா."

"அப்போவே இது இருந்துச்சா?"

இருந்தது என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சீட்டுக்குப் பின்னால் கையை வைத்துப் பார்த்து, "கேரியர் எங்க மாட்டுவ?" என்றார். இந்த ஃப்ரேமில் அதற்கு ஓட்டை இல்லை.