சித்தசுவாதீனம்

சித்தம் என்றால் மனம். சுவாதீனம் என்றால் தன் வசம் இருப்பது. இரண்டும் வடசொற்கள். கிரயப் பத்திரத்தில் 'சொத்தைச் சுவாதீனம் ஒப்படைத்துவிட்டேன்' என்று எழுதுகிறார்களே, அதே சுவாதீனம்தான். மனம் தன் கைவசம் இல்லாத நிலை சித்தசுவாதீனமின்மை.

நீதிமன்றத்தில் இதன் பொருள் மிகக் குறுகியது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவும், 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவும் கேட்பது ஒன்றே: குற்றச் செயலைச் செய்த அந்த நேரத்தில், செய்வது இன்னதென்றோ தவறென்றோ அறிய முடியாதபடி மனம் கெட்டிருந்ததா? மருத்துவச் சீட்டு மட்டும் போதாது. கோபமும் தானாகக் குடித்த போதையும் இதில் சேரா. மனைவியைக் கொன்ற குஜராத் கணவர் ஒருவரின் வழக்கில், சம்பவத்துக்கு முன்னும் பின்னும் அவர் நடந்துகொண்ட விதத்தையும் பார்த்து, 1964இல் உச்ச நீதிமன்றம் சித்தசுவாதீனமில்லை என்ற வாதத்தை நிராகரித்தது. சரியான தீர்ப்பு.

மனநோயாளிகளில் பெரும்பாலோர் யாரையும் அடிப்பதில்லை. மனைவியை அடிக்கிறவனுக்கெல்லாம் 'சித்தசுவாதீனமில்லை' என்ற சொல்லைக் கொடுப்பது அவர்களுக்கும் அநீதி. அடிபடும் பெண்ணோ, 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் பாதுகாப்பு உத்தரவு கேட்க, கணவனின் குற்றநோக்கத்தை நிரூபிக்க வேண்டியதில்லை.