சரக்கும் சட்டமும்: நகர வீதிகளின் வரலாற்றில் சில ஏடுகள்

வரலாறு என்றவுடன் மன்னர்களையும் போர்களையும் நினைப்பது நம் வழக்கம். ஆயின், ஒரு நகரத்தின் வீதியில் எந்த வண்டி, எந்த நேரத்தில், எந்தச் சுமையுடன் செல்லலாம் என்று வகுத்த விதிகளுக்கும் வரலாறு உண்டு. அவ்விதிகளுள் பல, உயிர்ப்பலி நேர்ந்த பின்னரே பிறந்தன. ஆதலின் அவை ஆசிரியர்களும் மாணாக்கரும் அறிய வேண்டியவை.

உரோமாபுரியின் விதி

கனரக வண்டிகளுக்குக் கட்டுப்பாடு விதிப்பது இக்காலத்துப் புதுமையன்று. ஜூலியஸ் சீசர் காலத்தில், கி.மு. 45ஐ ஒட்டி எழுந்ததாகக் கருதப்படும் சட்டமொன்று வெண்கலத் தகட்டில் பொறிக்கப்பட்டு நமக்குக் கிடைத்துள்ளது. கதிரவன் எழுந்தது முதல் பகலின் பத்தாம் நாழிகை வரை சுமை வண்டிகள் உரோம் நகருக்குள் ஓடலாகாது என்பது அதன் விதி. (உரோமர் பகற்பொழுதைப் பன்னிரண்டு நாழிகைகளாகப் பகுத்தனர்.) கோயில் கட்டும் பொருள்களையும் பொதுப்பணிக்குரிய சரக்கையும் ஏற்றிய வண்டிகளுக்கு விலக்கு உண்டு. நேரக் கட்டுப்பாடு, விலக்கு ஆகிய இரண்டும் அன்றே தோன்றிவிட்டன. எனினும், சரக்கு தானே வெடிக்கக்கூடும் என்ற அச்சம் அச்சட்டத்தில் இல்லை. அந்த அச்சம் தொழிற்புரட்சியோடு வந்தது.

பாலத்தைத் தகர்த்த படகு

1874ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள். விடியுமுன் ஏறத்தாழ ஐந்து மணிக்கு, லண்டன் ரீஜண்ட் கால்வாயில் நீராவிப் படகு ஒன்று சரக்குப் படகுகள் சிலவற்றை இழுத்துச் சென்றது. அவற்றுள் ‘டில்பரி’ என்னும் படகில் சர்க்கரை, காப்பிக்கொட்டை முதலியவற்றோடு பெட்ரோலியப் பீப்பாய்களும், ஏறத்தாழ ஐந்து டன் வெடிமருந்தும் ஒன்றாகவே ஏற்றப்பட்டிருந்தன. கசிந்த எண்ணெயாவியில் படகின் நெருப்புப் பற்றவே, மெக்கிள்ஸ்பீல்டு பாலத்தடியில் படகு வெடித்தது. படகினர் மூவர் மாண்டனர், பாலம் தகர்ந்தது, சுற்றுப்புற வீடுகளெல்லாம் சேதமுற்றன.

சர்க்கரைக்கும் வெடிமருந்துக்கும் வேற்றுமை பாராமல் ஏற்றியவர் யார்? அதற்கு அனுமதி தந்தவர் யார்? விசாரணை இக்கேள்விகளை எழுப்பியது. மேஜர் விவியன் மஜெண்டி என்னும் அதிகாரி இவ்விபத்தை ஆராய்ந்தார். மறு ஆண்டே, 1875இல், பிரிட்டனில் வெடிபொருட் சட்டம் நிறைவேறியது. வெடிமருந்து இருக்கும் பொதியின் மேல் அதன் பெயர் தெளிவாக எழுதப்படல் வேண்டும். துறைமுகத்தாரும் இரயில், கால்வாய்க் கம்பெனியாரும் அதனை ஏற்றிச் செல்லத் தனி விதிகள் வகுத்தல் வேண்டும் என அது பணித்தது. இந்தியாவில் 1884இல் இயற்றப்பட்ட வெடிபொருட் சட்டமும், மலாயாவில் 1957இல் இயற்றப்பட்ட வெடிபொருட் சட்டமும் இவ்வழியில் வந்தவையே.

எழுதாத பலகை

சட்டம் இருந்தால் மட்டும் போதுமா? போதாது என்பதற்கு நியூயார்க் நகரம் சான்று. ஹட்சன் ஆற்றின் அடியில் 1927இல் திறக்கப்பட்ட ஹாலந்து சுரங்கப் பாதையில் அபாயச் சரக்குகளுக்குத் தடை இருந்தது. ஆயினும் 1949 மே 13 அன்று, கார்பன் டைசல்பைடு என்னும் திரவம் நிறைந்த 80 பீப்பாய்களுடன் ஒரு லோரி அதனுள் நுழைந்தது. கொதிநீரின் சூட்டை ஒத்த சூட்டிலேயே தானாகப் பற்றிக்கொள்ளும் திரவம் அது! லோரியில் உரிய எச்சரிக்கைப் பலகை இல்லை. ஆகவே வாயிற்காவலர் தடுக்க வழியில்லாமற் போயிற்று.

உள்ளே பீப்பாயொன்று விழ, தீ மூண்டது. 66 பேர் காயமுற்றனர். சுரங்கத்தின் 84 காற்றாடிகள் புகையை வெளியேற்றியதால் பேருயிர்ச்சேதம் தவிர்ந்தது. எனினும், தீயணைக்கச் சென்ற அதிகாரி ஒருவர் புகையின் தீங்கால் சில மாதங்களுக்குப் பின் உயிர் நீத்தார். ஒரு பலகையில் எழுத வேண்டிய சில சொற்களை எழுதாது விட்டதன் விலை இது.

மிகைச் சுமை

மூன்றாவது ஏடு ஸ்பெயின் நாட்டுடையது. 1978 ஜூலை 11 அன்று தாரகோனாவில் புரொப்பிலீன் ஏற்றிய தாங்கி லோரி ஒன்று கடற்கரைச் சாலை வழியே சென்றது. சுங்கம் செலுத்திச் செல்லும் நெடுஞ்சாலை அருகிலேயே இருந்தது. ஏறத்தாழ 19 டன் கொள்ளத்தக்க தாங்கியில் 23 டன் நிரப்பப்பட்டிருந்தது. அல்பாக்கெஸ் என்னும் விடுமுறை முகாமருகே தாங்கி பிளந்து தீப்பற்ற, கூடாரங்களில் இருந்தோர் உட்பட 200க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின்னரே, அபாயச் சரக்கு மக்கள் குடியிருப்புகளூடே செல்வதை அந்நாடு கட்டுப்படுத்தியது.

எண்கள் சொல்லும் செய்தி

இவ்விபத்துகளைத் தொகுத்து நோக்கின் நான்கு கேள்விகள் புலனாகும். சரக்கு யாது? எவ்வளவு? எவ்வழி? எந்நேரம்? அனுமதிச் சீட்டு என்பது இந்நான்கிற்கும் எழுத்தில் தரும் விடையே. இவ்விடையை உலக மக்கள் அனைவரும் படிக்கத்தக்க வகையில் அமைக்க, 1957இல் ஜெனீவாவில் ஐரோப்பிய நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்தன. அது 1968இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி லோரிகளில் செம்மஞ்சள் நிறப் பலகை மாட்டப்படும். அதில் மேலே 33, கீழே 1203 என்றிருந்தால் உள்ளிருப்பது பெட்ரோல். 3 என்பது தீப்பற்றும் திரவம். அவ்வெண் இரட்டித்து வருவது அபாயம் மிகுதி என்பதன் குறி. மொழி தெரியாத தீயணைப்பாளரும் இதனைப் படித்து நடப்பர்.

விதிகளைத் தொல்லையென எண்ணும் வணிகர் உளர். சீட்டு வாங்கும் காலமும் சுற்றுவழியின் செலவும் அவருக்குச் சுமை என்பது மெய்யே. ஆனால், அச்சுமையை அவர் இறக்கி வைத்தபோதெல்லாம் அதனைச் சுமந்தவர் படகோட்டியும், தீயணைப்பாளரும், கூடாரத்தில் இருந்த குழந்தையுமே. இக்கணக்கை நம் மாணாக்கர்க்கு வரலாற்றுப் பாடத்தோடு சேர்த்துக் கற்பிப்போமாக. நாளை லோரி ஓட்டப்போகிறவரும், அதற்குச் சீட்டு எழுதப்போகிறவரும் இன்று நம் வகுப்புகளில்தான் அமர்ந்திருக்கின்றனர்.