சுன்னாகத்துக் கிணறுகள் சொல்லும் பாடம்

வில்லியனூர், பாகூர்ப் பக்கத்து அன்பர்களுக்குக் கிணற்றின் அருமையை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வடக்கே சங்கராபரணி, தெற்கே தென்பெண்ணை. ஆற்றில் தண்ணீர் ஓடாத மாதங்களிலும் பூமிக்குள் இருப்பதைக் கொண்டே பயிர் வைத்தோம். புதுச்சேரியில் தானே பொங்கி வழிந்த ஆர்ட்டீசியன் கிணறுகளைப் பற்றி, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் வில்லியம் கிங் 1880-லேயே எழுதியிருக்கிறார்.

பிரெஞ்சுப் பள்ளியில் நாங்கள் படித்தபோது நிலத்தடி நீருக்கு 'நாப் ஃப்ரெயாதிக்' என்று பெயர். 'நாப்' என்றால் மேசை விரிப்பு என்றும் பொருள். பொருத்தமான சொல்தான். விரிப்பின் ஒரு மூலையில் எண்ணெய் கொட்டினால் கறை அங்கேயே நின்றுவிடுமா?

இதைப் பட்டறிந்தவர்கள் யாழ்ப்பாணத்தின் சுன்னாகம் மக்கள். அந்தக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புப் பாறைக்குள் தேங்கும் மழைநீரே குடிக்கவும் தோட்டத்துக்கும். சுன்னாகத்தில் இலங்கை மின்சார சபையின் பழைய மின் நிலையம் இருந்தது. பின்னர் நொதேர்ன் பவர் என்ற தனியார் நிறுவனமும் அங்கே எண்ணெயை எரித்து மின்சாரம் தயாரித்தது. சுற்றுப்புறக் கிணறுகளில் எண்ணெய் வாடை வந்தது, நீரின் மேல் படலம் மிதந்தது.

தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013-14-ல் 150 கிணறுகளைச் சோதித்தது. ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு கிணறுகளில் எண்ணெய் அளவு வரம்பை மீறியிருந்தது. 2015 தொடக்கத்தில் மல்லாகம் நீதிமன்ற உத்தரவால் அந்த நிறுவனத்தின் மின் உற்பத்தி நின்றது. அதே ஆண்டு வடமாகாண நிபுணர் குழுவோ, ஆபத்தான பெட்ரோலியப் பொருள்கள் நீரில் இல்லை என்று அறிக்கை தந்தது. குடிப்பதா, வேண்டாமா? ஊர் மக்கள் எந்தக் காகிதத்தை நம்புவார்கள்?

வழக்கு கொழும்பு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2019 ஏப்ரல் 4-ல் வந்த தீர்ப்பு, மாசுக்கு நிறுவனமே பொறுப்பு என்றது. கிணறுகளைச் சுத்தம் செய்யும் செலவுக்காக 2 கோடி இலங்கை ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது. ஒருவருக்குக் கிடைப்பது அதிகபட்சம் 40,000 ரூபாய்.

நமக்கு மின் நிலையம் இல்லாவிட்டாலும் பெட்ரோல் பங்குகள் உண்டு. வரி குறைவு என்பதால் எல்லைச் சாலைகளில் நிறையவே உண்டு. ஒவ்வொன்றின் அடியிலும் இரும்புத் தொட்டி புதைந்திருக்கிறது. பங்கு மூடப்பட்டு, போர்டு கழற்றப்பட்டு, அங்கே வேறு கடை வந்தாலும், முன்பு கசிந்தது மண்ணில் தங்கியிருக்கும். பெட்ரோல் நீரைவிட லேசானது. நீர்மட்டத்தின் மேல் மிதக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டம் ஏறும், கோடையில் இறங்கும். அதனுடன் எண்ணெயும் ஏறி இறங்கி மண்ணில் பூசிக்கொள்ளும். அதிலுள்ள பென்சீன், நீரில் கரைந்து நீரோட்டத்துடனேயே நகரும். அது புற்றுநோய் தரும் பொருள்.

அமெரிக்காவில் இதற்காகவே 1984-ல் சட்டம் வந்தது, 1988-ல் விதிகள் வந்தன. பழைய தொட்டிகளைச் சீராக்கவோ, மாற்றவோ, மூடவோ 1998 டிசம்பர் வரை கெடு கொடுத்தார்கள். நம் நாட்டில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 ஜனவரியில்தான் பங்குகளுக்கு விரிவான வழிகாட்டுதல் தந்தது. பள்ளி, மருத்துவமனை, குடியிருப்பு இவற்றிலிருந்து 50 மீட்டர் தள்ளிப் புதிய பங்கு அமைய வேண்டும் என்கிறது அது.

கண்காணிப்பு என்பது ஒருமுறை பாட்டிலில் நீர் பிடிப்பதல்ல. தொட்டிக்கு மேல்புறம் ஒரு கிணறு, நீர் ஓடும் திசையில் சில கிணறுகள். தேங்கிய நீரை இறைத்துவிட்டு, காற்றுக் குமிழி இல்லாமல் கண்ணாடிப் புட்டியில் நிரப்பி, குளிரில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அதே கிணறுகளில், மழைக்கு முன்னும் பின்னும், ஆண்டுக்கணக்கில் இப்படி எடுத்தால்தான் கறை நகர்கிறதா, குறைகிறதா என்று தெரியும்.

அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவன் நான். ஒரு நாள் கணக்கை வைத்து ஒரு கோப்பை மூடமாட்டோம். முந்தைய வரவும் பிந்தைய வரவும் பார்ப்போம். சுன்னாகத்தில் முதல் எண்ணெய் வாடை வந்த நாளிலிருந்தே அப்படி ஒரு பதிவேடு இருந்திருந்தால், இரண்டு அறிக்கைகளுக்கு நடுவே மக்கள் தவித்திருக்க மாட்டார்கள். நம் ஊரில் மூடிய பங்கின் பக்கத்தில் கிணறோ போரோ வைத்திருப்பவர்கள் நீரில் வாடை மாறினால் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கொம்யூன் பஞ்சாயத்தில் மனு கொடுக்கப் போகும்போது அந்த நோட்டும் கையில் இருக்கட்டும்.